ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பெற்றது கௌரவப் பதவி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் பிரபலங்களுக்கு ராணுவம் வழங்கும் பதவிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கபில்தேவ், டெண்டுல்கர், தோனி, மோகன்லால் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்த கட்டுரையாளர், அதே மூச்சில் ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டையும் இழுத்து வந்து, அமெரிக்க விமானப்படை அவருக்கும் ஜெனரல் பட்டம் சூட்டி அழகு பார்த்தது என்று முடித்திருக்கிறார். இது தவறு. சிறிய தவறும் அல்ல. அந்த மனிதர் பிரிகேடியர் ஜெனரல் பதவியின் அடையாளமான அந்த ஒற்றை நட்சத்திரத்துக்காக 14 ஆண்டுகள் கர்னலாகவே காத்திருந்தார். ஒருமுறை அமெரிக்க செனட்டின் குழுவே அவரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. அழகு பார்ப்பதற்காகக் கொடுக்கும் பட்டத்துக்கு யாரும் இவ்வளவு சண்டை போடமாட்டார்கள்.

நான் இந்திய விமானப்படையில் விமானத்தின் உடற்பகுதியைப் பழுதுபார்க்கும் ஏர்ஃபிரேம் ஃபிட்டராகச் சேர்ந்து, மாஸ்டர் வாரண்ட் ஆபீசராக ஓய்வு பெற்றவன். தாம்பரத்தில் பயிற்சி; பிறகு ஆவ்ரோ, ஏ.என்-32 ஆகிய போக்குவரத்து விமானங்களோடு பணிக்காலம் கழிந்தது. மகள் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகருக்கு அருகே குடியிருக்கிறாள். அங்கே போய்த் தங்கும்போதெல்லாம் நான் பொழுதைக் கழிக்கும் இடம் ரைட்-பேட்டர்சன் தளத்தை ஒட்டியுள்ள விமானப்படை அருங்காட்சியகம். அனுமதி இலவசம் என்பதால் மருமகனும் முணுமுணுப்பதில்லை. ஸ்டூவர்ட்டைப் பற்றி நான் எழுதுவது அங்கே பார்த்ததையும், கேட்டதையும், படித்ததையும் வைத்துத்தான்.

முதலில் கௌரவப் பதவி எது, ரிசர்வ் எனப்படும் சேமப்படையின் பதவி எது என்பதைப் பிரித்துக்கொள்வோம். 2010-ல் டெண்டுல்கருக்கு நம் விமானப்படை குரூப் கேப்டன் பதவி கொடுத்தது கௌரவம். அவர் விமானம் ஓட்ட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஜே.ஆர்.டி. டாட்டா விமானி, அவருக்கு ஏர் வைஸ் மார்ஷல் வரை கொடுத்ததும் கௌரவமே. தோனியின் லெப்டினன்ட் கர்னல் பதவியும் பிராந்திய ராணுவத்தில் கௌரவப் பதவிதான். ஆனால் அவர் ஆக்ராவில் பாராசூட் கட்டிக்கொண்டு குதித்தார். 2019-ல் காஷ்மீரில் தன் பட்டாலியனோடு இரண்டு வாரம் தங்கிக் காவல் பணியும் பார்த்தார். அதற்காக அவருக்கு என் சல்யூட். ஆனாலும் நாளை போர் வந்தால் இன்ன நாற்காலியில் தோனி உட்கார வேண்டும் என்று எந்தக் கோப்பிலும் எழுதியிருக்காது. ரிசர்வ் அதிகாரிக்கு அப்படி ஒரு நாற்காலி எழுதிவைக்கப்பட்டிருக்கும். ஸ்டூவர்ட்டின் கதையே அந்த நாற்காலியைப் பற்றியதுதான்.

அவர் 1908-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்துவிட்டு நடிக்கப் போனார். சினிமாவில் சம்பாதித்த பணத்தில் விமானம் ஓட்டக் கற்று, 1935-ல் தனியார் விமானி உரிமம் எடுத்தார். ராணுவத்தில் சேரப் போனபோது உயரத்துக்கு ஏற்ற எடை இல்லை என்று முதல்முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கைக்கு வந்த சில வாரங்களில், 1941 மார்ச்சில், சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அப்போது சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 21 டாலர். அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கவே இன்னும் எட்டு மாதங்களுக்கு மேல் இருந்தது.

1942 ஜனவரியில் செகண்ட் லெப்டினன்ட். விமானி என்பதால் பயிற்சி கொடுக்கும் வேலையில் உள்நாட்டிலேயே உட்கார வைத்தார்கள். நடிகனைச் சாகவிட்டால் பெயர் கெடும் என்று மேலதிகாரிகளுக்குப் பயம். அவர் நச்சரித்து நச்சரித்து, 1943 நவம்பரில் 445-ஆவது குண்டுவீச்சுக் குழுவின் 703-ஆவது ஸ்குவாட்ரன் தலைவராக இங்கிலாந்தின் டிபன்ஹாம் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார். விமானம் பி-24 லிபரேட்டர்.

லிபரேட்டர் நமக்கு அந்நியம் அல்ல. போர் முடிந்ததும் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர்களை ஹிந்துஸ்தான் விமான நிறுவனத்தார் பழுதுபார்த்துப் பறக்கவிட்டார்கள். 1968 கடைசி வரை நம் விமானப்படை அவற்றை ஓட்டியது. எனக்கு மூத்தவர்கள் பூனாவில் அதில் வேலை பார்த்தவர்கள். எரிபொருள் கசிவைப் பற்றி அவர்கள் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அதனாலேயே டேட்டன் அருங்காட்சியகத்தில் நிற்கும் லிபரேட்டரைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று வெகுநேரம் பார்ப்பேன். மூக்குச் சக்கரம் மடங்கி உள்ளே போகும் பள்ளம், அதற்கு மேலே விமானிகள் உட்காரும் தளம். இடையில் இருப்பது மெல்லிய அலுமினியத் தகடும் சில விலா எலும்புச் சட்டங்களும்தான். பணிக்காலம் முழுக்க இப்படிப்பட்ட தகட்டில் ரிவெட் அடித்தவன் என்பதால் அதன் பலம் என்ன, பலவீனம் என்ன என்று எனக்குத் தெரியும்.

1944 பிப்ரவரி 25 அன்று ஜெர்மனியின் ஃபூர்த் நகரத்துக்குப் போன தாக்குதலில், ஸ்டூவர்ட் இருந்த விமானத்தில் சரியாக அந்த இடத்தில்தான் பீரங்கிக் குண்டு பாய்ந்தது. மூக்குச் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், அவர் காலடிக்குப் பக்கத்தில் தளத்தில் பெரிய ஓட்டை. உறைகுளிரில் அப்படியே ஓட்டிக்கொண்டு வந்து தளத்தில் இறக்கினார்கள். தரையைத் தொட்டதும் உடற்பகுதியே விரிசல் விட்டது. முந்தின நாள்தான் அதே குழு இன்னொரு ஜெர்மன் நகரமான கோத்தாவுக்கு 25 விமானங்களை அனுப்பி 13-ஐ இழந்திருந்தது. அதை அறிந்தும் மறுநாள் காலையில் ஏறி உட்கார்ந்தவர்களில் அவர் ஒருவர். மொத்தம் 20 போர்ப் பறப்புகள். பறப்புச் சிறப்புச் சிலுவைப் பதக்கம் இரண்டு முறை. 1945 மார்ச்சில் கர்னல். சிப்பாயிலிருந்து கர்னலாக நான்கே ஆண்டுகள். நம் விமானப்படைக் கணக்கில் சொன்னால் குரூப் கேப்டன். என்னைப் போன்றவர்கள் எழுந்து நின்று பேசும் இடம்.

போர் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போனபோது அவர் ரிசர்வில் தங்கினார். இங்கிருந்துதான் கட்டுரையாளர் கோட்டைவிட்ட பகுதி ஆரம்பிக்கிறது.

அமெரிக்க விமானப்படை 1947-ல் தனிப் படையானது. அதன் ரிசர்வ் அமைப்பு 1948-ல் வந்தது. ரிசர்வ் அதிகாரி என்றால் வாரநாட்களில் வேறு பிழைப்பு, மாதத்தில் ஒரு சனி ஞாயிறும் ஆண்டில் சுமார் இரண்டு வாரமும் சீருடை. இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட மகளின் பக்கத்து வீட்டு அம்மாளிடம் அதிகம் தெரிந்துகொண்டேன். அவர் வாரநாட்களில் மருத்துவமனையில் செவிலியர். ரிசர்வில் லெப்டினன்ட் கர்னல். காயம்பட்டவர்களை விமானத்தில் படுக்க வைத்துக் கொண்டுவரும் பிரிவில் இருக்கிறார். அவர் பணிபுரியும் ரைட்-பேட்டர்சன் ரிசர்வ் பிரிவின் எண்ணும் 445. ஸ்டூவர்ட் இருந்த குழுவின் வாரிசு. இப்போது சி-17 சரக்கு விமானம் ஓட்டுகிறார்கள். "எங்கள் ஸ்குவாட்ரன் தலைவர் ஒருவர் ஆஸ்கர் வாங்கியவர்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஒருநாள் வேலியருகே நின்று பேசிக்கொண்டிருந்தபோது, ஓய்வூதியம் எப்படி என்று என் வழக்கப்படி கேட்டுவிட்டேன். ஓய்வுபெற்ற வாரண்ட் ஆபீசர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இதைத்தான் முதலில் பேசுவோம். அவர் கோபித்துக்கொள்ளாமல் உள்ளே போய்த் தன் புள்ளிக் கணக்குத் தாளை எடுத்துவந்து காட்டினார்.

கணக்கு இப்படி. நான்கு மணி நேரப் பயிற்சிக்கு ஒரு புள்ளி. ஒரு சனி ஞாயிறுக்கு நான்கு. பன்னிரண்டு மாதத்துக்கு 48. ஆண்டுப் பயிற்சிக்கு நாளுக்கு ஒன்று வீதம் ஏறக்குறைய 15. படையில் பெயர் இருப்பதற்காகவே இன்னொரு 15. ஆக, ஒழுங்காக வந்துபோகிறவருக்கு ஆண்டுக்கு 78 புள்ளி. 50 புள்ளி எட்டினால்தான் அந்த ஆண்டு 'நல்ல ஆண்டு'. 49 என்றால் கணக்கில் சேராது. இப்படி 20 நல்ல ஆண்டு தேறினால் ஓய்வூதியம் உண்டு. அதுவும் பெரும்பாலும் 60 வயதில்தான் கைக்கு வரும். மாதாமாதம் சீட்டுக் கட்டிவிட்டுக் கடைசி ஏலத்துக்குக் காத்திருப்பதைப் போன்ற பொறுமை வேண்டும்.

தொகை எவ்வளவு என்று நான் மகள் வீட்டுக் காய்கறிச் சீட்டின் பின்புறம் போட்டுப் பார்த்தேன். 20 ஆண்டுக்கு 78 வீதம் 1560 புள்ளி. அதை 360-ஆல் வகுத்தால் நான்கே கால் ஆண்டுக்குச் சற்று மேல். பழைய முறையில் ஆண்டுக்கு 2.5 சதவீதம். ஆக, அடிப்படைச் சம்பளத்தில் சுமார் 11 சதவீதம். இருபது வருடம் சனி ஞாயிறைக் கொடுத்தவருக்கு இவ்வளவுதான். இடையில் போருக்கு அழைத்துப் போனால் நாளுக்கு ஒரு புள்ளி என்று கூடும். அந்த அம்மாளின் தாளில் சில ஆண்டுகளில் மட்டும் எண் திடீரென்று எகிறி நின்றது. ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆண்டுகளைப் பார்த்தாலே தெரிந்தது.

இப்படி அழைக்கப்படுகிறவரின் வேலையைப் பறிக்கக் கூடாது, திரும்பி வந்தால் அதே வேலையோ அதற்கு இணையானதோ கொடுக்க வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. 1940-லேயே இதற்கு அடித்தளம் போட்டுவிட்டார்கள். இப்போதுள்ள சட்டம் 1994-ல் வந்தது. இந்தச் சட்டம் இல்லாவிட்டால் எந்தச் செவிலியரும் எந்த விமானியும் ரிசர்வ் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள்.

ஸ்டூவர்ட் விஷயத்துக்கு வருகிறேன். மேல்நிலை ரிசர்வ் அதிகாரிகளுக்கு, போர் மூண்டால் எந்தப் பதவியில் அமர வேண்டும் என்று முன்கூட்டியே ஒதுக்கியிருப்பார்கள். ஸ்டூவர்ட்டுக்கு ஒதுக்கியிருந்தது அணுகுண்டு விமானங்களை வைத்திருந்த கேந்திர விமானப்படைக் கட்டளையகத்தில் செயல்பாட்டுத் துணை இயக்குநர் பதவி. 1957-ல் அதிபர் ஐசன்ஹோவர் அவரைப் பிரிகேடியர் ஜெனரல் பதவி உயர்வுக்குப் பரிந்துரைத்தார். அங்கே ஜெனரல் பதவிக்கு செனட் ஒப்புதல் வேண்டும். மெய்ன் மாநில செனட்டர் மார்கரெட் சேஸ் ஸ்மித் எழுந்து நின்றார். அவரும் விமானப்படை ரிசர்வில் லெப்டினன்ட் கர்னல். ஆகவே அந்தப் புள்ளிக் கணக்கு அவருக்கு அத்துப்படி.

அவருடைய ஆட்சேபம் எளிமையானது. போரில் ஸ்டூவர்ட் செய்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால் போருக்குப் பிறகு அவர் செய்த ரிசர்வ் பயிற்சி மிகக் குறைவு. அவரைவிட அதிகம் உழைத்த கர்னல்கள் வரிசையில் இருக்கிறார்கள். 1957 ஆகஸ்டில் செனட் ராணுவக் குழு 13-க்கு 0 என்று பரிந்துரையைத் தள்ளுபடி செய்தது. அந்தப் பதிமூன்று பேரில் ஒருவர்கூடத் தேசமே கொண்டாடிய நடிகருக்காக வாக்களிக்கவில்லை.

பொறாமையில் செய்தார் என்று அந்த அம்மையாரை அந்தக் காலத்திலேயே ஏசினார்கள், இன்றைக்கும் ஏசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டூவர்ட் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும், இந்த விஷயத்தில் நான் ஸ்மித் பக்கம். லிபரேட்டரில் 1944-ல் காட்டிய வீரத்துக்குப் பதக்கம் கொடுத்தாகிவிட்டது. 1957-ல் ஜெட் குண்டுவீச்சு விமானங்களின் செயல்பாட்டுக்குத் துணை இயக்குநராக உட்கார வேண்டியவருக்கு அந்த வேலை கைப்பழக்கத்தில் இருக்க வேண்டாமா? ஹேங்கரில் நாங்கள் இதைத்தான் தினமும் பார்த்தோம். ஒரு விமான வகையில் கைதேர்ந்த ஃபிட்டரை இன்னொன்றுக்கு மாற்றினால், மறுபடி படித்துத் தேர்வு எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போடும் அதிகாரம் கொடுப்பார்கள். மூத்தவர், பதக்கம் வாங்கியவர் என்பதற்காக யாரும் விட்டுக்கொடுத்ததில்லை. விட்டுக்கொடுத்தால் பாதிக்கப்படுவது மேலே பறக்கிறவன்.

முடிவும் நியாயமாகவே அமைந்தது. போர்க்காலத்தில் அவர் அமர வேண்டிய இடத்தைச் செய்தித் தொடர்புத் துறைக்கு மாற்றினார்கள். ஸ்மித் எதிர்ப்பைக் கைவிட்டார். 1959 ஜூலையில் செனட் ஒப்புதல் கொடுத்தது. நான்கு ஆண்டுகளில் கர்னலான மனிதர் அடுத்த ஒரு படிக்கு 14 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். நட்சத்திரம் கிடைத்த பிறகும் அவர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டவில்லை. 1966 பிப்ரவரியில், 57 வயதில், குவாம் தீவிலிருந்து வியட்நாமுக்குக் குண்டுவீசப் போன பி-52 ஒன்றில் பார்வையாளராக ஏறிப் போய்வந்தார். 1968 மே மாதம் 60 வயது நிறைந்ததும் விதிப்படி ஓய்வு. நம் லிபரேட்டர்களும் அதே ஆண்டில்தான் ஓய்வு பெற்றன.

அன்றைக்கு ரிசர்வ் அதிகாரிக்கு ஒற்றை நட்சத்திரமே குதிரைக்கொம்பாக இருந்தது. பிற்காலத்தில் நிலைமை மாறியது. 1997-ல் ரிசர்வ் அமைப்பு ஜார்ஜியா மாநிலத்தின் ராபின்ஸ் தளத்தைத் தலைமையிடமாகக் கொண்ட முழுக் கட்டளையகமாக உயர்ந்தது. 1981-ல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்து அதிகாரியான மேரியன் மில்லர் என்ற விமானி, விங் எனப்படும் ரிசர்வ் படைப்பிரிவுகள் இரண்டுக்குத் தலைமை தாங்கி, 2016-ல் அந்தக் கட்டளையகத்துக்கே தலைவரானார். 2018-ல் நான்கு நட்சத்திர ஜெனரலாகி, அமெரிக்க விமானப்படையின் போக்குவரத்து விமானங்களைக் கையாளும் கட்டளையகத்தை ஏற்றார். விமானப்படை ரிசர்விலிருந்து நான்கு நட்சத்திரம் எட்டிய முதல் ஆள் அவர். உங்கள் கட்டுரையாளருக்கு ஒரு நட்சத்திரப் பெயர் கட்டாயம் வேண்டுமென்றால் இவரை எழுதியிருக்கலாம்; ஆனால் இவர் சினிமாவில் நடிக்கவில்லை.

நம் நாட்டிலும் இப்படி ஒன்று இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1952-ல் ரிசர்வ் மற்றும் துணை விமானப்படைச் சட்டம் வந்து, டில்லி, பம்பாய், சென்னை போன்ற நகரங்களில் துணை விமானப்படை ஸ்குவாட்ரன்கள் தொடங்கப்பட்டன. வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் பறக்கும் ஆட்களைக் கொண்டு நடந்தவை அவை. அறுபதுகளில் அவை வழக்கமான படையோடு கரைந்துபோயின. தரைப்படைக்குப் பிராந்திய ராணுவம் இன்றும் இருக்கிறது. விமானப்படைக்கு அப்படி இல்லை. ஆண்டுதோறும் எத்தனையோ விமானிகளும் பொறியாளர்களும் நம் படையிலிருந்து விலகி வெளியே வேலைக்குப் போகிறார்கள். அவர்களுடைய கைப்பழக்கத்தை மாதம் இரண்டு நாளாவது தக்கவைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று உங்கள் நிருபர்கள் விவரம் அறிந்தவர்களிடம் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும். பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் போடும் வழிகாட்டி இதழில் வழக்கமாகப் போடும் பத்துப் படிப்புகளில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, பிராந்திய ராணுவத்தைப் பற்றி ஒரு பக்கம் போட்டாலும் சரி.

கட்டுரையில் உள்ள தவறுக்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கூடவே இன்னொரு திருத்தமும் வேண்டும். ஸ்டூவர்ட் படத்துக்குக் கீழே, பின்னால் நிற்கும் விமானம் பி-17 என்று போட்டிருக்கிறீர்கள். வால் இரட்டையாக இருக்கிறது பாருங்கள். பி-17-க்கு ஒற்றை வால். அது பி-24.

இப்படிக்கு,
ச. வேதமாணிக்கம்,
மாஸ்டர் வாரண்ட் ஆபீசர் (ஓய்வு),
சேலையூர், சென்னை.